ஐந்தருவிக்கு மறுநாள்

சீசன் ஆரம்பித்த புதிது. தென்காசியில் ஒரு லேப் வாசல். காலை ஏழு மணி. சாரல் விழுகிறது என்றும் சொல்ல முடியாது, விழவில்லை என்றும் சொல்ல முடியாது. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் படியேறும்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"சார்... நீங்க பத்திரிகையில பத்தி எழுதுறவருதான?"

எழுதுகிறவன் காதுக்கு இதைவிட இனிமையான கேள்வி உண்டா? தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு திரும்பினேன். ஆலங்குளத்துக்காரர். விதைக்கடை வைத்திருக்கிறாராம். வாராவாரம் படிப்பாராம். சந்தோஷமாகக் கையை நீட்டினார்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. என் வலது கையில் சிவப்பு மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருந்தது. இடது கையில் ஸ்கூட்டர் சாவியும் குடையும். டப்பாவை இடதுக்கு மாற்றி, குடையைக் கக்கத்தில் இடுக்கி, சாவியை வாயில் கவ்வி... ஒருவழியாகக் கை குலுக்கினேன். அவர் விடவில்லை. "ஒரு செல்ஃபி எடுத்துக்கிடுதேன் சார்."

எடுத்தார். அந்த செல்ஃபியில் அவர் இருக்கிறார், நான் இருக்கிறேன், என் மனைவி கோமதியின் அன்றைய முதல் சிறுநீரும் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். காய்ச்சல் விட்ட சோர்வில் படுத்திருந்தவள், "அப்படியாவது உங்க கூட ஒரு போட்டோல வந்துட்டேன்லா" என்றாள்.

புதிய வாசகர்களுக்காக: கோமதி பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்து ஓய்வு பெற்றவள். இந்தப் பத்தியை அவள் படிப்பதில்லை. "வீட்டுல ஓசியில கேக்குறத காசு குடுத்து வேற வாங்கணுமாக்கும்" என்பாள். அதனால்தான் அவளைப் பற்றி நான் இவ்வளவு தைரியமாக எழுத முடிகிறது.

அவளுக்குச் சர்க்கரை நெடுநாள் விருந்தாளி. விருந்தாளி சும்மா இருக்குமா? போன வருடம் சிறுநீரகத்தின் கதவைத் தட்டியிருக்கிறது. டாக்டரம்மா — கீழப்பாவூர்ப் பக்கத்துப் பெண், எங்கள் மகள் வயதுதான் இருக்கும் — ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு, இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரில் ஆல்புமின் என்கிற புரதம் வருகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார்.

"ரத்தத்துலதான் பாத்தாச்சே டாக்டர். அப்புறம் எதுக்கு அது?" என்றேன். எனக்கு எதிலும் ஒரு குறுக்குக் கேள்வி கேட்டாக வேண்டும்.

"சார், ஐந்தருவியில குளிச்சுக்கிட்டே இருக்கீங்க. கீழ நல்ல வெயில். திடீர்னு தண்ணி கலங்கி வருது. இலையும் சுள்ளியும் வருது. என்ன அர்த்தம்?"

"மேல மலையில மழை. விசில் அடிச்சு எல்லாரையும் வெளிய ஏத்திருவாங்க."

"அவ்வளவுதான். ரத்தத்துல கிரியேட்டினின்ங்கிற கழிவு ஏறுறது வெள்ளம் வந்து சேந்த பிறகு. சிறுநீர்ல ஆல்புமின் கசியுறது அந்தக் கலங்கல். முன்னாலயே சொல்லும். மேல என்ன நடக்கு, எவ்வளவு வேகமா நடக்குன்னு ஒரு குறிப்பு குடுக்கும்."

குற்றாலத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பவனுக்கு இதைவிட எப்படி விளக்குவது? நான் வாயை மூடிக்கொண்டேன். இது அபூர்வம் என்று கோமதி டாக்டரிடம் சொன்னாள்.

சரி, செல்ஃபிக்கு முந்தின நாளுக்கு வருவோம்.

நம் ஊரில் டெஸ்ட் என்றால் உடம்புக்கு வைக்கும் பரீட்சை. பரீட்சைக்கு முந்தின நாள் விழுந்து விழுந்து படிக்காதவர் யார்? மூன்று நாள் பரோட்டாவைக் கண்ணால்கூடப் பார்க்காமல் இருந்துவிட்டு, நான்காம் நாள் யோகி மாதிரிப் போய்ச் சர்க்கரைக்கு ரத்தம் கொடுத்ததில்லையா நீங்கள்? ரத்தம் கொடுத்த கையோடு பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே பரோட்டாக் கடைக்குப் போனதில்லையா? நான் போயிருக்கிறேன். அங்கே பலரை அதே பஞ்சோடு பார்த்தும் இருக்கிறேன்.

கோமதி அப்படிப்பட்டவள் இல்லை. பிட் அடித்த பையன்களை முப்பது வருடம் பிடித்தவள். ஆனால் அவளுக்கும் ஒரு பலவீனம் உண்டு... அருவி.

"நாளைக்கு டெஸ்டு. இன்னைக்கு ஐந்தருவியில ஒரு குளியல் போட்டுட்டு வந்துருவோம். மூலிகைத் தண்ணி. உடம்புல இருக்குற கசடையெல்லாம் அடிச்சு இறக்கிரும். ரிப்போர்ட் நல்லா வரும்" என்றாள்.

கணக்கு டீச்சர் சொல்கிற தர்க்கமா இது? நான் மறுத்திருக்க வேண்டும். ஆனால் அருவி என்றால் திரும்பும் வழியில் செங்கோட்டைப் பக்கம் போய்ப் பரோட்டா என்று என் மூளைக்குள் ஒரு பாதை ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறது. "விஞ்ஞானபூர்வமா நீ சொல்லுதது சரிதான்" என்றேன்.

சீசன் ஞாயிற்றுக்கிழமை. குத்துக்கல்வலசை வீட்டிலிருந்து கிளம்பிய எங்கள் ஸ்கூட்டரை ஐந்தருவிக்கு வெகு முன்னாலேயே நிறுத்திவிட்டார்கள். கேரளா வண்டி, மதுரை வண்டி, வேன், பஸ் என்று ரோடு அடைத்துக்கொண்டு கிடந்தது. அங்கிருந்து ஏற்றத்தில் நடை. கோமதி விறுவிறுவென்று முன்னால் போகிறாள், நான் பின்னால் 'இயற்கையை ரசிக்கிறேன்' என்று பெயர் பண்ணிக்கொண்டு மூச்சு வாங்குகிறேன்.

அருவியில் நிற்பதற்குக் கோமதி ஒரு முறை வைத்திருக்கிறாள். தலையைக் கொடுக்க மாட்டாள். பாறையில் இரண்டு கையையும் ஊன்றி, தோளைக் கொடுத்து நிற்பாள். தண்ணீர் அடிக்கிற அடியில் பக்கத்தில் நிற்கும் பெண்கள் கூச்சல் போடுவார்கள், இவள் ஏதோ பேப்பர் திருத்துகிற மாதிரி அசையாமல் நிற்பாள். ஆண்கள் பக்கத்தில் நானோ... ஓரத்தில் சொட்டுகிற தண்ணீரில் வேட்டியைக் காப்பாற்றிக்கொண்டு குளிக்கிற வீரன்.

அன்று அவள் வெளியே வர ஒரு மணி நேரம் ஆயிற்று. உதடு நீலம். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "எல்லாம் கழுவி விட்டாச்சு" என்றாள். ராத்திரி லேசாகக் காய்ச்சல் அடித்தது. சுக்குக் காப்பி குடித்துவிட்டுப் போர்த்திப் படுத்துக்கொண்டாள். காலையில் எழுந்து டப்பாவை என் கையில் கொடுத்தாள்.

மறுநாள் சாயங்காலம் ரிப்போர்ட் என் போனுக்கு வந்தது. கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன். அவளே வாங்கிப் படித்தாள். மார்க் வாசிக்கிற குரலில்.

"முந்நூத்தி இருவது."

இதற்கு முன்னால் எழுபத்தைந்து. முப்பதுக்குள் இருந்தால் நல்லது என்று அதே தாளில் போட்டிருக்கும்.

எனக்குப் பயம் வந்தால் வாய் தானாக ஜோக் அடிக்கும். "நூத்துக்கு முந்நூறு எடுத்த ஒரே டீச்சர் நீதான்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. என் ஜோக்குக்கு அவள் சிரிக்காதது புதிதில்லை. திட்டவும் இல்லை. அதுதான் புதிது.

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "வேகம் ஜாஸ்தியா இருக்கு" என்றாள். அவ்வளவுதான்.

க்ளினிக்குக்கு போன் போட்டேன். டாக்டரம்மா தங்கை கல்யாணத்துக்குப் போயிருக்கிறார், வியாழக்கிழமைதான் வருவார், மாத்திரை எதையும் நிறுத்த வேண்டாம் என்றார்கள். அன்று செவ்வாய். நடுவில் ஒரே ஒரு நாள்தான். ஆனால் அந்த ஒரு நாளுக்குள் நான் இன்டர்நெட்டில் இறங்கிவிட்டேன். இறங்கியவன் ஏறினால்தானே? சிறுநீரில் வருகிற விதவிதமான புரதங்களைத் தேடித் தேடி, யாருடைய சிறுநீரகம் வேகமாகப் பழுதாகும், யாருடையது நின்று நிதானமாக என்று முன்கூட்டியே சொல்லப் பார்க்கிறார்களாம். படிக்கப் படிக்க எனக்கே இரண்டு பக்கமும் இடுப்பு வலித்தது.

புதன்கிழமை காலை அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "ஏங்க, இங்கன வாங்க."

போனேன்.

"சொதி வைக்கணும். நீங்களே வைங்க. நான் சொல்லுதேன்."

வாசகர்களே, நான் அடுப்பைப் பற்ற வைத்தால் பக்கத்து வீட்டில் கதவைச் சாத்துவார்கள். "கால் வலிக்கா?" என்றேன். "ஆமா, வலிக்கு" என்றாள். சரி, டீச்சர் சொன்னால் செய்ய வேண்டியதுதானே? தேங்காய் துருவினேன். முதல் பால், இரண்டாம் பால். முதல் பாலை ஊற்றின பிறகு கொதிக்க விடக்கூடாதாம். நான் விட்டேன். திரிந்தது.  "அடுத்த தடவை சரியா வரும்" என்றாள். முப்பத்தைந்து வருடத்தில் என்னிடம் இவ்வளவு பொறுமையாக அவள் பேசியதில்லை. எனக்கு உறைத்திருக்க வேண்டும்... உறைக்கவில்லை.

அடுத்து சாதம். குக்கர் கிடையாது, பானையில் வடிக்கணும் என்றாள். "வெந்திருச்சான்னு ஒரு பருக்கைய எடுத்து நசுக்கிப் பாருங்க. நடுவுல வெள்ளையா துளி இருக்கும்போதே இறக்கிரணும். பெறகு மூடியப் போட்டு இப்படிச் சாய்க்கணும்."

"குக்கருக்கு என்ன கேடு?"

"குக்கர் சோறு உங்களுக்கு ஒத்துக்கிடாது. ஹோட்டல் சாப்பாடும் உங்க வயித்துக்கு ரெண்டு நாளு தாங்காது."

"நான் எதுக்கு ஹோட்டல்ல சாப்பிடுதேன்? நீ இருக்கியே."

அவள் கரித்துணியை எடுத்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த மேடையைத் துடைத்தாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கால் வலிக்காக இல்லை. சொதிக்காகவும் இல்லை. வேகம் ஜாஸ்தியா இருக்கு என்றாளே... அவள் கணக்குப் போட்டு முடித்துவிட்டாள். எங்கே போய் முடியும் என்று கோட்டை இழுத்துப் பார்த்துவிட்டாள். அந்தக் கோட்டின் கடைசியில், அடுக்களையில் தனியாக நிற்கிற என்னையும் பார்த்துவிட்டாள்.

"வெங்காயம் கண்ணைக் கரிக்கு" என்று சொல்லிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவினேன். நான் நறுக்கிக்கொண்டிருந்தது வெண்டைக்காய். அவளுக்கும் அது தெரியும்.

சாதம் களியாகிவிட்டது. அதையே இருவரும் சாப்பிட்டோம்.

வியாழக்கிழமை. டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார். பழையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். புருவம் ஏறியது. பிறகு, "சாம்பிள் குடுத்ததுக்கு முந்தின நாளு என்ன பண்ணுனீங்கம்மா?" என்று கேட்டார்.

கோமதியை முந்திக்கொண்டு நான் பெருமையாகச் சொன்னேன். "ஐந்தருவி போயிட்டு வந்தோம் டாக்டர். வண்டிய கீழயே நிறுத்திட்டாங்க. ஏத்தம் பூரா நடைதான். ஒரு மணி நேரம் அருவியில நின்னா. நல்ல எக்சர்சைஸ்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"காய்ச்சல் ஏதும்?"

"ராத்திரி லேசா. காலையில விட்டுருச்சு."

"சாம்பிள் குடுக்குறதுக்கு முந்தின நாளு போய் இப்படி அலையணுமா? யாரு சொன்னது?"

நானும் கோமதியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "அருவியில குளிச்சா ரிப்போர்ட் நல்லா வரும்னு..." என்று இழுத்தேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு சொன்னார். "உடம்ப ரொம்ப அலட்டுனா, காய்ச்சல் வந்தா, அந்த ஒண்ணு ரெண்டு நாளைக்கு ஆல்புமின் தன்னால கூடிக் காட்டும். நல்லா இருக்கிறவங்களுக்கே கூடும். போன வருசம் கலங்கல் கதை சொன்னேன்லா சார்? தண்ணி கலங்குனா மேல வெள்ளமான்னு பாக்கணும். இல்ல, யானைக் கூட்டம் இறங்கிக் கலக்கிருச்சான்னும் பாக்கணும்."

"அப்ப யானைதானா டாக்டர்?" என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது... அவ்வளவு கெஞ்சல்.

"தெரியாது. யானையாவும் இருக்கலாம், வெள்ளமாவும் இருக்கலாம். ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி பாக்கணும். அதுவரைக்கும் அருவி கூடாது, அலைச்சல் கூடாது."

அப்போது கோமதி முதல் தடவையாகப் பேசினாள். "எழுவத்தஞ்சுலேருந்து மூணே மாசத்துல முந்நூத்தி இருவதுன்னா, இதே வேகத்துல போனா..."

டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "டீச்சரம்மா, கோட்டுக்கு வெளிய தள்ளி ஒரே ஒரு புள்ளி விழுந்திருக்கு. அத வச்சு ஒரு புதுக் கோடு போட்டுட்டு வந்தா பத்தாங்கிளாஸ்ல மார்க் குடுப்பீங்களா?"

கோமதி கொஞ்சம் யோசித்தாள். "குடுக்க மாட்டேன்" என்றாள். "முட்டி போட வைப்பேன்."

இரண்டு வாரம் என்பது சின்ன விஷயமா? அதுவும் சீசனில்? தெருவே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குற்றாலம் போகிறது. மெயினருவியில் பாதுகாப்பு ஆர்ச்சையே தாண்டி விழுகிறதாம், ஐந்தருவியில் ஐந்தும் ஒன்றாகிவிட்டதாம் என்று தினம் ஒருவர் வந்து வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறார். கோமதி வாசலில் நின்று மேற்கே மலையைப் பார்த்துவிட்டு உள்ளே போவாள். பாடமும் நிற்கவில்லை. புளி இல்லாத ரசம், உப்பு குறைந்த கூட்டு, ஒரு நாள் விடாமல் சாதம். என் சாதம் ஒரு நாள் விடாமல் குழைந்தது.

ஒரு மத்தியானம் பொறுக்க முடியாமல் கொல்லைப்பக்கத்துக் குழாயில் தோட்டத்துக்கு ஊற்றுகிற டியூபைச் செருகினேன். துணி துவைக்கிற கல்லின் மேல் ஏறி நின்றுகொண்டு, "ஏட்டி, வா. ஆறாவது அருவி" என்றேன்.

"கோட்டி புடிச்சிருக்கா? இறங்குங்க. விழுந்து இடுப்ப ஒடிச்சா உங்களுக்கும் சேத்து நான் டப்பா தூக்க முடியாது."

ஆனாலும் வந்தாள். கல்லுக்குக் கீழே சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, பழக்கம் போலத் தோளைக் கொடுத்து நின்றாள். டியூபிலிருந்து வந்தது என்னவோ ஒரு கொத்துமல்லிப் பாத்திக்குப் போதுமான தண்ணீர்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். டேங்க் காலியாகிற வரை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். கை மரத்துப்போயிற்று... நான் சொல்லவில்லை.

இரண்டாவது டப்பாவை லேபுக்கு நான்தான் கொண்டுபோனேன். இந்த முறை துணிப்பைக்குள் வைத்து, யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல். புகழ் மீது எனக்கு அன்று ஆசையே இல்லை. லேபில் இருந்தவர், "என்ன அண்ணாச்சி, முகமெல்லாம் வேர்த்திருக்கு" என்றார். "சாரல்" என்றேன். வெளியே சுள்ளென்று வெயில்.

சாயங்காலம் போன் சத்தம் கேட்டதும் இருவரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினோம். அவளே எடுத்தாள்.

"தொண்ணூத்தி நாலு."

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.  வந்தது யானைதான்.

மறுநாள் டாக்டரம்மா பொய்யாக ஆறுதல் சொல்லவில்லை. "எழுவத்தஞ்சு தொண்ணூத்தி நாலா ஆகியிருக்கு. ஏறலைன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஓடல, நடக்கு. நடக்குறத இன்னும் மெதுவா நடக்க வைக்கலாம். அதுக்குத்தான் மாத்திரை, பிரஷர், சர்க்கரை, உப்பு எல்லாம். மூணு மாசத்துக்கு ஒரு புள்ளி. கோட்டை நாம சேந்து போடுவோம் டீச்சரம்மா. சரியா?"

"அருவி?" என்று கேட்டாள் கோமதி. அவள் கவலை அவளுக்கு.

"போங்க. அளவா நில்லுங்க. டெஸ்டுக்கு முந்தின நாளு மட்டும் வேண்டாம்."

வருகிற வழியெல்லாம் யோசித்தேன். முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லதுதான். கலங்கல் தெரிந்தால்தானே விசில் அடிக்க முடியும்? ஆனால் நம் மனசு இருக்கிறதே... விசில் கேட்டதும் கரையேறுவதை விட்டுவிட்டு, அடித்துக்கொண்டு போன மாதிரியே அழ ஆரம்பித்துவிடுகிறது.

வீட்டுக்குள் நுழைந்ததும் சொன்னேன். "அப்ப நாளையிலேருந்து எனக்கு அடுக்களையில லீவு. பாடம் முடிஞ்சுது."

"முடிஞ்சுதா?" என்றாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல். "இவ்வளவு நாளுல ஒரு தடவையாவது சோத்தக் குழையாம வடிச்சிருக்கீங்களா? நீங்க ஒழுங்கா வடிக்கப் படிக்கிற வரைக்கும் நான் எங்கயும் போறதா இல்ல."

மறுநாள் காலை அவள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில். ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தேன். நடுவில் வெள்ளையாக ஒரே ஒரு துளி. கச்சிதமான பதம். இறக்க வேண்டியதுதான்.

இறக்கவில்லை. இன்னும் பத்து நிமிடம் கொதிக்க விட்டேன்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் சாதம் குழைந்துதான் இருக்கிறது. நல்லவேளை, அவள் இந்தப் பத்தியைப் படிப்பதில்லை.